ஆஜருங்க

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து சின்னசாமி இறங்கும்போது மணி ஐந்தரை. பின்னாலேயே அவர் மனைவி ஜோதியம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆனி மாசம். வடக்கே மலையில் சண்டை. பட்டாளத்திலிருக்கும் மகன் செழியனிடமிருந்து பன்னிரண்டு நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. அடிவார முகாமிலிருக்கும் அவன் சிநேகிதன் கோபி, இன்று ஆறு மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தான்.

செங்கம் சாலையில் ஒரு பழைய சத்திரத்தின் முன்கட்டுதான் எஸ்.டி.டி. பூத். நடத்துகிற எழிலரசி கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள குந்துங்க பெரியவரே. மணி அடிச்சா எடுங்க."

ஜோதியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு மூடியதும் சேற்று நாற்றம் அடித்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிற வெயிலில் நெல் வயலின் சேற்று நாற்றம். அந்த நாற்றம் சின்னசாமிக்குத் தெரியும்.

எழுபத்தோராம் வருஷச் சண்டையில் அவரும் சிப்பாய். ஒரே தெருக்காரன் அப்பாசாமியும் கூட இருந்தான். சாயங்காலம் ஆள் எண்ணும்போது எல்லோரும் "ஹாஜிர் சாப்" என்று கத்துவார்கள். அப்பாசாமி மட்டும் ஊர் மரியாதை மாறாமல் "ஆஜருங்க" என்பான். ஹவில்தார் திட்டாத நாளில்லை. ஒரு நாள் அவனைக் காணோம். தண்ணீர் குடிக்கப் போயிருப்பான், பாவம், தண்டனை வாங்கப் போகிறான் என்று நினைத்த சின்னசாமி, இருட்டில் அவனைப் போலவே "ஆஜருங்க" என்று குரல் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆள் கணக்கு சரியாக இருந்ததால் யாரும் தேடவில்லை.

மறுநாள் நெல் வயல் சேற்றில் கிடந்தான். கண்ணிவெடியில் இடது கால் போயிருந்தது. தன் துணியாலேயே கட்டுப் போட்டுக்கொண்டு விடியும் வரை உயிரோடு இருந்திருக்கிறான். வாயெல்லாம் சேறு. இருபத்தெட்டு வருஷமாக இதைச் சின்னசாமி பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

மணி அடித்தது.

"பயப்படாதீங்கப்பா," என்றான் கோபி. "செழியன் மேல போஸ்ட்ல நல்லாத்தான் இருக்கான்."

"நீ பாத்தியா அவன?"

"எங்க பாக்கறது, பனி ஜாஸ்தி. ஒயர்லெஸ்ல பேர் கூப்புடுவோம், பதில் சொல்லுவாங்க. தினம் சொல்றான்." கோபி சிரித்தான். "ஒரு வாரமா என்னமோ புதுசா, 'ஆஜருங்க'ன்றான்."

சின்னசாமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது என் புள்ள இல்லப்பா. அவன் எங்கியோ அடிபட்டுக் கெடக்கறான். ஆள் அனுப்பித் தேடச் சொல்லு. ஒன் கால்ல உழறேன்."

"கணக்கு சரியா இருக்கும்போது எப்படிப்பா தேடச் சொல்றது? இருங்க, பேர் கூப்புடற நேரந்தான். நீங்களே கேளுங்க."

ஒயர்லெஸ் இரைச்சல். ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொன்றுக்கும் "ஹாஜிர் சாப்."

"செழியன்!"

பதில் இல்லை.

எந்த அப்பனும் வேண்டாததைச் சின்னசாமி வேண்டினார். அண்ணாமலையாரே, பதில் வரக் கூடாது. வராவிட்டால் தேடுவார்கள். தேடினால் பிள்ளை கிடைப்பான்.

"செழியன்!"

மறுபடியும் மௌனம்.

"அப்பாசாமி, வாயத் தொறக்காதடா," என்று கிசுகிசுத்தார். கண்ணீர் தாடையில் வழிந்தது. "தப்பு என்னுதுடா. என்ன எடுத்துக்கோ. அவன வுட்டுடு."

ரிசீவர் வைக்காத இன்னொரு காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

சேற்றைத் துப்புகிற சத்தம்.

"ஆஜருங்க."

"கேட்டீங்களாப்பா?" போனில் கோபி உற்சாகமாகச் சொன்னான். "ஆள் கணக்கு சரி." லைன் அறுந்தது.

கண்ணாடிக்கு வெளியே ஜோதியம்மாள் எழுந்து நின்றாள். "புள்ள இருக்கான்னாங்களா?" என்று கேட்டவள், அவர் பதிலுக்குக் காத்திராமல் அண்ணாமலையார் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். சின்னசாமி தலை குனிந்தார்.

மூடிய பூத்துக்குள், சிமெண்டுத் தரையில், ஈரம் காயாத சேற்றுத் தடம் ஒன்று அவரைப் பார்த்தபடி இருந்தது.

வலது கால் மட்டும்.