வீடு காலியாக இருக்க வேண்டும்

"அப்போ பூனை?"

"பூனைக்கு சொத்துல பங்கு கேக்கத் தெரியாதும்மா. அது கிடக்கட்டும். மனுஷங்க மட்டும்தான் கணக்கு. ஒரே ஒரு ஆள் உள்ள இருந்தாலும் இன்னிக்கு நடக்கறது செல்லாது. இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சுங்கய்யா" என்றாள் தாமசின் வக்கீலிடம்.

சொல்லும்போதே அவள் கண் மாடி ஜன்னலுக்குப் போனது. அப்பாவின் அறை ஜன்னல். கண்ணாடியின் கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மூச்சு படிந்து வெளுத்திருந்தது. அப்பா மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு எழவில்லை. கட்டில் அந்தச் சுவரிலிருந்து ஆறு அடி தள்ளிக் கிடந்தது. நவம்பர்க் குளிர் எதைத்தான் செய்யாது என்று அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா ஆம்ப்ரோஸ் ஸ்ட்ரட்விக் இன்று கீழே தூக்கி வரப்பட்டு, முற்றத்தின் நடுவே நாற்காலியில் ஆட்டுத்தோல் சுற்றி உட்கார வைக்கப்பட்டிருந்தார். நார்த்கோம்ப் வட்டாரத்தில் குதிரைச் சேணமும் பூட்ஸும் அவர் பதனிட்ட தோலில்தான் தைக்கப்பட்டன. பதினோரு வருடமாக அந்தத் தோலை ஓக் பட்டைத் தண்ணீர்க் குழியில் ஊற இறக்கியதும் ஏற்றியதும் தாமசின். ஆனால் அப்பா இப்படியே கண்ணை மூடினால் வீடும் பட்டறையும் ஓடைக்கரை நிலமும் மூத்த மகன் ஜைல்ஸுக்குத்தான். பிரிஸ்டலில் இருந்து நேற்று வந்து இறங்கிய ஜைல்ஸ், குழிகளைத் தூர்த்து இடத்தை விற்கப்போவதாகச் சத்திரத்திலேயே சொல்லிவிட்டிருந்தான்.

உயில் எழுதினால் வழக்குப் போடுவான். அதனால்தான் வக்கீல் பார்கிட்டர் பழைய வழியைச் சொன்னார். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போது, ஊர் பார்க்க, அந்த நிலத்து மண்ணை வெட்டிக் கையில் கொடுப்பது. வீட்டைக் காலி செய்துவிட்டு, வாங்குபவர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். பிறகு அவரே திறந்து, வீடு காலி என்று சொல்லி மற்றவர்களை அழைக்க வேண்டும். அழைத்துவிட்டால் வீடு அவருடையது. அப்பாவுக்கும் இந்த வீடு அப்படித்தான் வந்தது.

அப்பா புல்லோடு வெட்டிய மண்கட்டியை அவள் கையில் வைத்தார். அவர் விரல்கள் அதை விட மறுத்தன. "என் மகளுக்குக் குடுக்கிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் திறந்துரு" என்றார். நாற்காலியைத் தூக்கி வந்த ஆட்களைப் பார்த்து, "என்னை அந்தப் பக்கம் திருப்பி வைங்கடா. நான் கதவப் பாக்க வேணாம்."

"சொத்து போறதப் பாக்க மனசு வரல கிழவனுக்கு" என்று ஜைல்ஸ் சிரித்தான். "போம்மா மகாராணி. உள்ள போய் மூலைமூலையாப் பாரு. எவனாவது இருந்துடப்போறான்."

தாமசின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் தனியாக இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அணைந்த அடுப்பில் சாம்பல் சரியும் மெல்லிய ஓசை, உத்தரங்கள் குளிரில் சுருங்கி முனகுவது, வெளியே யாரோ இருமுவது எங்கோ தொலைவில் கேட்பதுபோல் சுவருக்கு அப்பால் மங்குவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அவளைத் தேடி வந்தது. வாசனையும் வந்தது. காலையில்தான் தரையைக் காடி ஊற்றிக் கழுவியிருந்தாள். அந்தப் புளிப்புக்கு அடியிலிருந்து ஓக் பட்டை ஊறிய தண்ணீரின் வாடை, வருடக்கணக்காக மூடிக்கிடந்த குழியின் பலகையை யாரோ இப்போதுதான் விலக்கியதுபோல, மாடிப்படி வழியாக மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போது மேலே பலகை அழுந்தியது.

ஒரு அடி. நிதானமாக இன்னொரு அடி. ஜன்னல் பக்கமிருந்து படிக்கட்டுப் பக்கமாக.

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஜைல்ஸ்! ஆளை ஒளித்து வைத்திருக்கிறான். கதவைத் திறந்ததும் அவன் தடதடவென்று இறங்கி வருவான், ஊரே பார்க்கும், எல்லாம் செல்லாமல் போகும். தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் படியடிக்கு வந்தாள்.

"எங்கண்ணன் அனுப்பின ஆளா நீ? மரியாதையாப் பின்பக்க ஜன்னல் வழியா ஓடிரு. இல்லன்னா சுண்ணாம்புத் தொட்டியில இறக்கிருவேன்."

நடை மட்டும் தொடர்ந்தது. புது பூட்ஸ் மடங்குவது போன்ற கிறீச்சொலி ஒவ்வொரு அடியிலும் கேட்டது. படித்திருப்பத்தின் இருட்டில் ஒரு பாதம் இறங்கியது.

பூட்ஸ் இல்லை. வெறுங்கால். ஆனால் தோல் சத்தம்.

ஒன்றரை வருடம் ஊறிய தோலின் நிறம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்தின் நிறமும் தெரியும். இது அதையெல்லாம் தாண்டிய கறுப்பு. முழங்கால் மடியும்போது சுருக்கம் விழவில்லை. தோல் அப்படியே வளைந்து நிமிர்ந்தது. ஒரு முடிகூட இல்லை. சுரண்டி எடுத்திருந்தது. பழகிய கைதான் அப்படிச் சுரண்டும்.

பின்னால் நகர்ந்தாள். கதவு முதுகில் இடித்தது.

"நில்லும்மா" என்றது. ஈரத்தில் ஊறிய குரல். அதட்டல் இல்லை. "உங்கப்பன் இந்தக் கதவச் சாத்திட்டு நின்னப்பவும் நான் இந்தப் படியிலதான் நின்னேன். என்னப் பாத்தான். பாத்துட்டு, கதவத் திறந்து, காலின்னு சொல்லிட்டான்."

கடைசிப் படி.

"அம்மா!" வெளியே பார்கிட்டர். கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பலகை கனத்தில். "பாத்தாச்சா? வீடு காலியா?"

"என்ன, உள்ளயே குடித்தனம் வச்சுட்டாளா?" ஜைல்ஸ்.

அப்பாவின் குரலைத் தேடினாள். கேட்கவில்லை. இருமல்கூட இல்லை. இருமலைக் கேட்டு எவ்வளவு நேரமாகிறது? அவர் உயிரோடு இருக்கும்போதே கதவு திறக்க வேண்டும். இப்போதே. ஒரு சொல் போதும். காலி. திறந்தால் எல்லாரும் உள்ளே பார்ப்பார்கள். அப்பா திறந்தபோது யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா? தெரியவில்லை. கையிலிருந்த மண் பொடிந்து உதிர்ந்தது.

அது அவள் முன்னால் வந்து நின்றது. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். கையை மட்டும் பார்த்தாள். அவளை நோக்கி நீண்டிருந்த கை. விரித்த உள்ளங்கை. அதில் ஒரு ரேகையும் இல்லை. வழவழவென்று, விற்பனைக்குத் தேய்த்து முடித்த தோல்போல.

"நானும் போகத்தான் பாக்கறேன். வெளிய வான்னு ஒருத்தரும் கூப்பிடல" என்றது. "கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போறியாம்மா?"