குழாய் ஸ்பீக்கருக்கு மஞ்சள் பெட்டி

அந்த மத்தியானம் ஈப்போவில் அந்த இசைக்கருவிக் கடைக்குள் இருந்தவர்கள்: கல்லாவில் கடை முதலாளி, சீனத் தவுக்கே. பியானோ புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு டீச்சர். மழைக்கு ஒதுங்கிய லாட்டரிக்காரர். மேசைக்குப் பின்னால் விற்பனைப் பெண் நவமணி. கடைசியாக, தோளில் கிட்டாரும் நனைந்த சட்டையுமாக உள்ளே நுழைந்த ஜெயபாலன்.

"அண்ணே, தண்ணி சொட்டுது. கீழ ட்ரம் தோலு இருக்கு, பாத்து" என்றாள் நவமணி.

"மழ பெய்யுது, தெரியலையா?"

"மழ வெளியதானே பெய்யுது..."

லாட்டரிக்காரர் சிரித்துவிட்டார். ஜெயபாலனுக்குச் சுள்ளென்று வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்று நிமிர்ந்தான். அங்கேதான் தப்பு நடந்தது. அவள் கண்களைப் பற்றி நீளமாக எழுதலாம்... நடந்தது இவ்வளவுதான்: வாங்க வந்த சாமானின் பெயர் அவனுக்கு மறந்துபோனது.

"என்ன வேணும்ணே?"

"அது... கால்ல மிதிக்கிறது. ஓவர்டிரைவ் பெடல். வெல கம்மியா."

அவன் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். படிப்பைப் பாதியில் விட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட்டாளி பத்துமலையின் பாட்டுக் குழுவில் லீட் கிட்டார் வாசிப்பான். உருப்படியாகக் கைக்கு வந்தது அது ஒன்றுதான். அதற்கும் இப்போது ஆபத்து. 'ஒன் கிட்டாரு பஞ்சு மாதிரி கேக்குது மச்சான். எண்பத்து நாலாம் வருசமே வந்துருச்சு. கரகரன்னு வேணும். பெடல் வாங்கு, இல்லன்னா லீடுக்கு வேற ஆள் பாக்குறேன்' என்று பத்துமலை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

நவமணி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று சிவப்பு, கனமானது. இன்னொன்று மஞ்சள், பேர் தெரியாத கம்பெனி, விலையும் குறைவு.

"எதுல மாட்டி வாசிப்பீங்க? கிட்டார் ஆம்ப்ளிஃபையரா, இல்ல கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரா?"

குழாய் ஸ்பீக்கர்தான். தோட்டத்துக் கல்யாணங்களில் வேறென்ன இருக்கும்? மரத்தில் கட்டிய குழாய். பாடகர் மைக்கும் கிட்டாரும் ஒரே ஆம்ப்ளிஃபையரில். ஆனால் அதை அந்தக் கண்களுக்கு முன்னால் சொல்ல அவன் வாய் வரவில்லை.

"எங்ககிட்ட சொந்த ஆம்ப்ளிஃபையர் இருக்கு. பெருசு."

"அப்ப சிவப்ப எடுங்க. குழாய்னா மட்டும் மஞ்சள்தான்ணே. சிவப்பு குழாய்ல போட்டா காதக் கிழிக்கும்."

கடையின் பெரிய ஆம்ப்ளிஃபையரில் மாட்டி மிதித்தான். சிவப்பு உறுமியது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்தார். மஞ்சள் சாதுவாக இருந்தது. சொன்ன பொய்க்குத் தோதாகச் சிவப்பையே வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

அந்த ஞாயிறு பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட தோட்டம். கோயில் மண்டபத்துக்கு வெளியே ரம்புத்தான் மரத்தில் ஒரு பெரியவர் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். சிம்பாங் பூலாய் சின்னையா. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கீழே நின்று வயரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள்... நவமணி.

ஜெயபாலன் கையில் கிட்டார் வயரோடு நின்றான். அவள் வயரைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சொந்த ஆம்ப்ளிஃபையர் பின்னால லாரியில வருதாண்ணே?"

அவன் குனிந்து, வயரில் இல்லாத சிக்கை எடுக்க ஆரம்பித்தான்.

தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்தது. முதல் பாட்டிலேயே சிவப்புப் பெடலை மிதித்தான். குழாயிலிருந்து வந்த சத்தத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த கருப்பம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"டேய் தம்பி, மரம் அறுக்குற மெஷின நிப்பாட்டுடா! மனுசன் சாப்புட வேணாமா?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. ஆனால் அடுத்த பாட்டில் சத்தம் கொஞ்சம் அடங்கி வந்தது. கை பழகிவிட்டது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

பத்துமலை கடைசியில் அவன் தோளில் கை போட்டான். "அடுத்த ஞாயிறு பாரிட் புந்தார்ல பெரிய எடத்துக் கல்யாணம் மச்சான். இதே சத்தம்னா, நீ தம்புரின் தட்டிக்கிட்டு ஓரமா நில்லு லா."

அவன் நேராக நவமணியிடம் போனான். அவள் வயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு..."

"எங்கப்பா எங்களுக்குச் சோறு போட்டது இந்தக் குழாய்லதான்ணே." அவள் நிமிரவே இல்லை. "அது பேரச் சொல்லவே ஒங்களுக்கு வெக்கம். போங்க. வயரு மேல நிக்கிறீங்க."

அவன் காலை எடுத்தான்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்தால் தூக்கம் வரவில்லை. கடைக்குப் போய் மாற்றிக் கேட்கலாம். ஆனால் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். தம்புரின் தட்டுவதா, அதைச் சொல்வதா என்று யோசித்தபடி கடைக்கு எதிரே மீரான் பாய் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பான். குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவான். ஒரு சாயங்காலம் மீரான் பாய்க்கே பொறுக்கவில்லை.

"அங்க பூட்டப் போறாங்க தம்பி. டீ இங்கதான் இருக்கும், எங்கயும் போவாது."

மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையைக் கடந்து உள்ளே போனான். கிட்டாரை மேசையோரம் சாய்த்து, சிவப்புப் பெட்டியை மேலே வைத்தான். சட்டையில் ஈரம். இந்த முறை ட்ரம் தோலுக்குத் தள்ளி நின்றான்.

"பொய் சொன்னேன்" என்றான். "எங்ககிட்ட ஆம்ப்ளிஃபையரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாக் கல்யாணமும் குழாய்தான்."

நவமணி குனிந்தாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய குழாய் ஸ்பீக்கரை இழுத்து மேலே வைத்தாள். பக்கத்தில் அதன் ஆம்ப்ளிஃபையர். விளிம்பில் பெயிண்டால் சின்னையா என்று எழுதியிருந்தது.

"திங்கக்கெழமையே கொண்டாந்துட்டேன்."

"நான் வருவேன்னு தெரியுமா?"

"தெரியாது. சும்மா கொண்டாந்து வச்சேன்."

மஞ்சள் பெட்டியை மாட்டினாள். டிரைவ் குமிழைப் பாதிக்கும் கீழே வைத்தாள். டோனை இடது பக்கம் முழுக்கத் திருப்பினாள். "இப்ப வாசிங்க."

வாசித்தான். கரகரப்பு வந்தது. கிழியவில்லை. பாடி முடித்த தொண்டைபோல் ஒரு சத்தம். கல்லாவிலிருந்து தவுக்கே "போலே லா", தேறும் என்று கட்டை விரலைத் தூக்கினார். சிவப்பை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். மிச்சக் காசு மட்டும் திரும்பாது, அதற்குக் கிட்டார் கம்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"அன்னைக்கு ரெண்டாவது பாட்டுலேயே எனக்குக் கை பழகிருச்சு, கவனிச்சியா?" என்றான் ஜெயபாலன். கொஞ்சம் மானம் மிச்சம் இருந்தது.

"கையா பழகுச்சு? நான்தான் அப்பாவுக்குத் தெரியாம ஆம்ப்ளிஃபையர்ல ட்ரெபிளக் கொறச்சேன்."

அதுவும் போயிற்று. அவன் கிட்டாரைத் திரும்பச் சாய்த்து வைத்தான்.

"அவ்வளவு கோவத்துலயுமா கொறச்ச?"

"கோவம் வேற... ஒங்கள எல்லாரும் பாத்து சிரிச்சாங்க. எனக்குப் புடிக்கல."

வெளியே மழை வலுத்தது. அவள் கம்பிப் பாக்கெட்டை எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

"குழாய நெனச்சு நான் வெக்கப்படல" என்றான். "எங்க அப்பா அம்மா கல்யாணத்துலயும் குழாய்தான் பாடுச்சு. ஒன்னப் பாத்ததும் பெரிய ஆளா தெரியணும்னு தோணிருச்சு. வேற யாரு கேட்டிருந்தாலும் உண்மையச் சொல்லியிருப்பேன்."

"ஏன், எனக்கு மட்டும் என்ன?"

"புடிச்சுப் போச்சு. அதான்."

அவள் கம்பிப் பாக்கெட்டை மேசையில் வைத்தாள். நேராக இருந்ததையே மறுபடி மறுபடி நேராக்கினாள்.

"ஞாயித்துக்கெழம பாரிட் புந்தார் வாரியா?" என்றான் அவன்.

"குழாய் யாரோடது?"

"வேற ஆளோடது."

"அப்ப ட்ரெபிள யாரு கொறைப்பா? வாரேன்... ஜெயபாலன்."

'அண்ணே' காணாமல் போயிருந்தது. தவுக்கே கல்லாவை மூடிக்கொண்டே இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். சாவியை மேசையில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் பின்பக்க மாடிப்படியேறிப் போய்விட்டார்.

நவமணி விளக்குகளை அணைத்தாள். ஜெயபாலன் மஞ்சள் பெட்டியைக் கையில் பிடித்தபடி கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று அவளுடைய குடையை விரித்தான். கிட்டார் உள்ளே மேசையோரம் சாய்ந்தபடியே இருந்தது. அவன் அதைப் பார்த்தான். சொல்லவில்லை. நாளைக்கு வர ஒரு காரணம் வேண்டும்.

வாசலைத் தாண்டும்போது அவளும் அதைப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை. வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.