கோட்டைக்குக் கீழிருந்து வந்த கொடி

காலை ஏழு மணிக்குத் துரைசாணி போட்ட அலறலில் பங்களாவே கூடிவிட்டது. முகப்புக் கூரையடியில் இருந்த திராட்சைக்கொடி கருகிச் செத்துக் கிடந்தது.

ஒரு கொடிக்கா இத்தனை கூச்சல் என்பவர்கள் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்குப் புதியவர்கள். 1934இல் துரை குடும்பம் லீவுக்கு ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஏரிக்கரை ஊருக்குப் போனது. ஆறு வயது மகள் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் புதைத்த இடத்தை ஒட்டிய திராட்சைத் தோட்டத்தில் வெட்டிய குச்சியைத்தான் துரைசாணி ஈரப்பாசியில் சுற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தாள். பெற்ற வயிற்றுக்கு அதுவும் ஒரு பிள்ளை.

"லாலாங் களைப்புல்லுக்கு அடிக்கிற விஷம் தோட்டக்காரன் கையிலதான் இருக்கு. வேற யாரு?" என்றார் துரை. போன வாரம் தோட்டக்காரன் காளியப்பனை எல்லார் முன்னாலும் ஏசியவர் அவர்; அந்தக் கோபத்தில் செய்திருப்பான் என்பது அவர் கணக்கு. சாயங்கால ரயிலில் காளியப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

சாயங்காலம் வரை தவணை கேட்டு வாங்கினார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஸ்டானிஸ்லாஸ். காணாமல் போன கோழி முதல் கம்மல் வரை கண்டுபிடித்தவர். பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தன. கொடியடி மண்ணை ஒரு பசு நக்கிக்கொண்டிருந்தது.

"யார் மாடு?"

"பால்காரர் அய்யாவு மாடுங்க. பத்து நாளா விரட்டினாலும் இங்கதான் வருது," என்றான் காளியப்பன்.

"தண்ணி எப்ப ஊத்துவ?"

"விடியக்காலையில. பக்கத்துலயே வாளி நெறைஞ்சு இருக்கும். ஆயா புண்ணியத்துல எனக்கு நடை மிச்சம்."

மதியம், இறந்த குழந்தையை வளர்த்த ஆயா வெள்ளையம்மாவிடம் போனார். அவளும் அந்த ஊருக்குக் கூடப் போனவள்.

"அந்த ஊர் எப்படிம்மா?"

"அழகுதான்யா. கீழ ஏரி, மேல கோட்டை, சரிவெல்லாம் திராட்சை. பாப்பா வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு கோட்டைப் படியில ஓடுச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு நின்னு பார்த்தாங்க. அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல்."

கண்ணைத் துடைக்க முந்தானையைத் தூக்கினாள். முடிச்சிலிருந்து இரண்டு கல் உப்பு உதிர்ந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன்தான் தவணை கேட்டோம் என்று இருந்தது.

மாலை நாலரை. பங்களா வாசலில் எல்லார் முன்னாலும் மூட்டை முடிச்சோடு காளியப்பன் நின்றான்.

"விஷம் இல்லைங்க," என்றார் டிரசர். "விஷமா இருந்தா அந்த மாடு முதல் நாளே விழுந்திருக்கும். இன்னைக்கும் பால் கறந்தது. மாடு மண்ணை நக்குறது உப்புக்கு. நானும் நாக்குல வச்சுப் பார்த்தேன். வாளித் தண்ணியில உப்பு இருந்திருக்கு. காளியப்பன் தெரியாம ஊத்தியிருக்கான்."

"யாரு போட்டது?" என்றார் துரை.

அவர் வெள்ளையம்மாவைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடிந்தால் இருந்திருப்பார்.

"நான்தான்யா," என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வர்ற தொரமாரெல்லாம் கொடியைப் பார்த்து ஆசையா பேசுனாங்க. கண்ணு பட்டுடும்னு தெனம் சாயங்காலம் ஒரு கைப்பிடி உப்பைச் சுத்தி வாளித் தண்ணியில போட்டேன். உப்பு கரையிற மாதிரி கண்ணும் கரையணும். போட்டா திரும்பிப் பார்க்கக் கூடாதில்ல? அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு நான் பார்க்கவே இல்லையே!"

வெள்ளையம்மா கருகிய கொடியைத் தடவினாள்.

"அந்த ஊர்ல பாப்பாவுக்குச் சுத்திப் போடுறேன்னேன். அம்மா வேணாம்னாங்க. விட்டுட்டேன், போயிடுச்சு. இதையாவது காப்பாத்தலாம்னு சுத்துனேன். இதுவும் போச்சு."

காளியப்பனின் மூட்டை தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் திரும்பியது. துரைசாணி படியிறங்கி வந்து வெள்ளையம்மாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான் வேணாம் சொல்லியிருக்கக் கூடாது, ஆயா."

உப்பு எந்தக் காய்ச்சலையும் நிறுத்தியிருக்காது என்று ஸ்டானிஸ்லாஸ் சொன்னார். இருமுறை சொன்னார். இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.