இருநூற்றுப் பதினாலாவது விதி

காலை பத்தேகாலுக்கு, செவ்வாய்க் கிரகத்துத் துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த முப்பது பேரும் போகிற வழியில் அப்படியே நின்று, நெஞ்சில் கைவைத்து, கூந்தல் எண்ணெய்ப் பாட்டைப் பாடினார்கள். முப்பதில் பதினெட்டுப் பேர் வழுக்கை. பாட்டு முடிந்ததும் விட்ட அடியிலிருந்து நடந்தார்கள். இருளாண்டி மட்டும் நடக்கவில்லை. மற்றவர்களுக்கு முதுகில் மூட்டை; அவனுக்கு இரண்டு கையிலும் இரும்புப் பெட்டி. நெஞ்சுக்குக் கை போனதும் பெட்டி காலுக்குப் போய்விட்டது.

"அக்கா, உன் துளிதான் என் கால ஒடச்சுது," என்றான் மருத்துவ அறையில்.

பேச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வயதுவரை அவளும் அதே துறையில் மூட்டை தூக்கியவள். பிறகு துளி எழுதக் கற்றுக்கொண்டாள். மண்டைக்குள் பதித்த தலைச்சில்லில் ஒரு திறன்துளியை இறக்கினால் சமையலோ தச்சுவேலையோ உடம்புக்குத் தானே வந்துவிடும். அவள் எழுதியது முதுகுத்துளி. எப்படிக் குனிந்தால் தண்டுவடம் பிழைக்கும் என்று சுமைக்காரன் உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பது.

ஆனால் எந்தத் துளியும் பேரங்காடி வழியாகத்தான் மண்டைக்குள் போகமுடியும். போன மாதம் பேரங்காடி இருநூற்றுப் பதினாலாவது விதியைக் கொண்டுவந்தது. கால்மணிக்கொரு தரம் துளி நின்று, ஆளை ஒரு விளம்பரம் பாடவைக்க வேண்டும். பாடாத துளி நீக்கப்படும். தலைச்சில்லில் ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் அப்புறம் உடம்பு அதை மீறாது. ஆக, துளி இல்லையென்றால் முதுகு போகும், இருந்தால் கால் போகும்.

துளி எழுதுகிறவர்கள் அந்தக் கிரகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். கூடினால் துளியின் நிரலில் அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா அடுத்த வரியில் போடுவதா என்று அடித்துக்கொள்கிற கூட்டம். பேச்சி தம்பியின் கட்டுப்போட்ட காலைத் தூக்கி அவர்கள் நடுவே மேசைமேல் வைத்தாள்.

"அடைப்புக்குறி அப்புறம். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அன்றே எல்லாரும் தாங்கள் எழுதிய துளிகளைப் பேரங்காடியிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சுமைக்காரர்களும் மூட்டையைத் தொடவில்லை. பேரங்காடிக்காரர்கள் ஒரு மிரட்டல் கடிதம் போட ஆசைப்பட்டார்கள். ஆனால் மிரட்டல் கடிதம் எழுதுவதும் திரும்பப் போன துளிகளில் ஒன்றாகிவிட்டது. மூன்றாம் நாள், செருப்பு வார் கட்டத் தெரியாமல் வெறுங்காலோடு மேலாளர் வந்தார்.

"நீங்களே சொந்தமா ஒரு அங்காடி வச்சுக்கோங்க. எங்கள விட்டுடுங்க."

தோழமை அங்காடி திறந்தது. சட்டதிட்டம் எழுதுகிற வேலையைச் செயலாளர் ஜெயசீலன் ஏற்றுக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் 'படித்தேன், சம்மதம்' என்பதை அழுத்தினார்கள். பேச்சியும்தான்.

மறுநாள் பத்தேகாலுக்குத் துறைமுகத்தில் இருபத்தொன்பது பேர் நெஞ்சில் கைவைத்தார்கள். இப்போது தோழமை அங்காடியின் புகழ். மெட்டு மட்டும் அதே எண்ணெய் மெட்டு.

"சீலன் சார், என்ன கூத்து இது?"

"இருக்கறத எதுக்கு மேடம் திரும்ப எழுதணும்? பேரங்காடியோடத அப்படியே எடுத்துப் பேர மாத்தினேன். நாம துளி எழுதறதே அப்படித்தானே?"

"ஒருவாட்டி படிச்சுப் பாக்கல?"

"நானூறு பேர் படிப்பீங்களேன்னு இருந்துட்டேன்."

அவளால் திட்டவும் முடியவில்லை. அழுத்திய விரல்களில் அவளுடையதும் ஒன்று.

விதியை மாற்ற வேண்டுமானால் புதுச் சட்டதிட்டத்துக்கு எல்லா உறுப்பினரும் சம்மதிக்க வேண்டும். இந்தமுறை பேச்சியே உட்கார்ந்து எழுதினாள். ஒரே பக்கம். யாரும் பாட வேண்டாம். காரணம் சொல்லாமல் எந்தத் துளியையும் நீக்கக் கூடாது. ஏழாவது வரியை வேண்டுமென்றே தடித்த எழுத்தில் போட்டாள்: 'சம்மதிப்பவர் எந்தத் துளியும் இல்லாமல் ஒரு மாதம் துறைமுகத்தில் மூட்டை சுமப்பார்.' ஒரே ஒருவர் சண்டைக்கு வந்தாலும் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று எண்ணித் தானும் அழுத்தி அனுப்பினாள்.

நான்கே வினாடியில் நானூற்றுப் பத்துச் சம்மதம் வந்தது. பாக்கி ஜெயசீலன் மட்டும். பேச்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு மனுஷனாவது படிக்கிறார்.

"ஏழாவது வரியப் பாத்தீங்களா சார்?"

"அருமை மேடம், ரொம்பக் கச்சிதமா இருக்கு. அப்படியே எடுத்து எங்க அடுக்ககத்து லிஃப்ட் சங்கத்துக்குப் பேர மாத்திப் போட்டுட்டேன். அங்க அறுபது பேரும் சம்மதிச்சாச்சு. அந்த அவசரத்துல இதுல அழுத்த மறந்துட்டேன், இருங்க."

அழுத்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை துறைமுகத்தில் பாட்டு ஓய்ந்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் லிஃப்ட் சங்கத்து அறுபது பேரும், தங்கள் கால்களே தங்களை இழுத்துவந்த திகைப்பில் வரிசையாக நின்றார்கள். இருளாண்டி ஊன்றுகோலோடு வந்து வருகைப் பலகையைத் தூக்கிக் காட்டினான்.

"அவசரப்படாதீங்க. நிதானமா ஒருவாட்டி..."

துறைமுகம் முழுக்கச் 'சம்மதம்' அழுத்துகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டு ஓய்ந்தது. இருளாண்டி பலகையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இதுல நான் இன்னும் எதுவுமே எழுதலையே."

பேச்சி முட்டியை மடக்கி, முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்ப நீயாவது யோசிச்சு எழுது."