நுரைக்காத கல்

உலையின் பக்கத் துளை வழியே கசடு ஓடி வர வேண்டும். வரவில்லை. பாகு போல எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

தரையில் போட்டிருந்த மஞ்சள் பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே, பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாலு எழுந்து நின்றாள். துளைக்கு எதிரே நீளக் கம்பியோடு நிற்பது அவளுடைய அம்மா.

உருகிய செம்பின் மேல், மண்ணும் கல்லும் உருகிக் கசடாக மிதக்கும். அது நீர்த்து இருந்தால் செம்புத் துளிகள் அதற்குள் இறங்கி அடியில் சேரும்; கசடு வழிந்து வெளியேறும். கெட்டியானால் உள்ளேயே ஏறும். உலைக்குள் காற்று ஊதும் குழாயை அடைத்துவிட்டால்?

"எந்தப் பக்கம் பீறிடும்னு உலைக்கே தெரியாது" என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

அம்மா கம்பியை வெளியே இழுத்தாள். நுனியிலிருந்து கசடு நூலாக நீண்டது. கெட்டிக் கசடுதான் இப்படி நூல் விடும்.

"இன்னும் சுண்ணாம்புக்கல் போடுங்க. இளகட்டும்."

தள்ளுவண்டி மாமா புதிதாக வந்திறங்கிய கற்குவியலிலிருந்து அள்ளிப் போய்ப் போட்டார். போடப் போட நூல் நீண்டுகொண்டே போனது.

இளக வேண்டியது ஏன் இறுகுகிறது? வாலு பக்கத்திலிருந்த குவியலைத் தொட்டாள். கல் கண்ணாடி போல வழுக்கியது. மூலையில் கிடந்த பழைய கல்லோ விரலில் வெள்ளையாக ஒட்டியது.

வகுப்பில் டீச்சர் சுண்ணாம்புக்கல்லில் புளிப்புச் சாறு விட்டு நுரைக்க வைத்தது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவில், வெள்ளரிக்காய்க்குப் பிழிய அம்மா வைத்த எலுமிச்சை மூடி இருந்தது. இரண்டு கல்லிலும் பிழிந்தாள்.

மாமா வண்டியை நிரப்பிக் கிளம்பினார். வாலு சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இது சுண்ணாம்புக்கல் இல்ல."

"வழிய விடு பாப்பா. விளையாடுற நேரமா இது?"

ஆனாலும் அவள் நகரவில்லை. "நீங்களே பாருங்க."

பழைய கல்லில் ஒரு சொட்டு. பொடிப்பொடியாக நுரைத்தது. புதுக் கல்லில் ஒரு சொட்டு. சும்மா வழிந்தது.

மாமாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ, வெங்கச்சங்கல். மணலோட பெரியண்ணன், உருகினா பசையாத்தான் நிக்கும். நானேதான் கசடைக் கெட்டியாக்கிட்டு இருக்கேனா?"

வண்டியைக் கவிழ்த்துவிட்டுக் கிடங்குக்கு ஓடினார். நல்ல சுண்ணாம்புக்கல் உலைக்குள் போனது.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியையே பார்த்தாள். நூல் நீளமாகத்தான் வந்தது. மறுமுறையும் அப்படியே. அதற்கடுத்த முறை பாதியில் அறுந்தது. பிறகு நூலே இல்லை; சொட்டுச் சொட்டாக விழுந்தது.

துளையில் கசடு அசைந்தது. சரசரவென்று செக்கச்சிவந்து ஓடியது.

முகமூடியைக் கழற்றிக்கொண்டு அம்மா வந்தாள். நடந்ததை மாமா சொல்லி முடிக்கும்வரை மகளை அணைத்த கையை எடுக்கவில்லை. பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"வெள்ளரிக்காய் அப்படியே இருக்கு. எலுமிச்சை மட்டும் எங்கடி?"

"கல்லு குடிச்சிடுச்சும்மா."