பன்னிரண்டாவது உடை

நூறு வருஷமாக யார் உடம்பிலும் ஏறாத அங்கியின் அக்குள் எப்படி ஈரமாக இருக்கும் என்று பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. கிடங்கின் ஏசி உறுமிக்கொண்டிருக்க, மெல்லிய தாள் சுற்றிவைத்த அந்தப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ, இப்போதுதான் ஓடிவந்து மூச்சு வாங்க நிற்கும் ஒருத்தியின் வியர்வை வாடை. ஏசித் தண்ணீர் சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரியம் ஆகவேண்டியிருந்தால் மனசு நல்ல வக்கீலாகிவிடும்.

அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் நடுவே நடனம், நாடகம், உடை அணிவகுப்பு என்று நடத்துவதுதான் அவள் வேலை. அன்று மதியம் சிற்பக் கூடத்தில் பன்னிரண்டு உடைகள் நடக்கவேண்டும். பன்னிரண்டாவது வரும் வழியிலேயே கிழிந்து தொலைந்தது. அதை உடுத்தவிருந்த பெண்ணும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அருங்காட்சியக இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. இதுவும் சொதப்பினால் வேலை போய்விடும். கைக்குக் கிடைத்தது இந்தக் கறுப்பு வெல்வெட் அங்கியும், வேடிக்கை பார்க்க வந்திருந்த தங்கையும்தான்.

பழைய துணியை உயிருள்ள உடம்பில் ஏற்றக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. துணிகளைப் பராமரிக்கும் அம்மாள், பெட்டி மூடியில் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: 'பொம்மைக்கும் மாட்ட வேண்டாம்.' நைந்துபோன துணி போலிருக்கிறது என்று நினைத்துப் பெரியவள் மூடியைக் கவிழ்த்துவைத்தாள்.

"அக்கா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!" என்றாள் சின்னவள்.

"மூச்சை இழுத்துப் பிடி. வாயை மூடு."

"ரெண்டையும் ஒண்ணா செஞ்சா செத்துருவேன்."

அம்மா போனபின் தலைவாரி, சோறூட்டி, பள்ளிக்கூட வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப்போய் வளர்த்த பெண். பெரியவளுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. முதுகில் இருபது கொக்கிகள்; பதினாறு மாட்டிவிட்டு, ஊசி எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது இருபதும் மாட்டியிருந்தன.

"நீயா போட்டே?"

"முதுகுக்கு எனக்கு எங்க கை எட்டும்?"

வெளியே முரசு தொடங்கிவிட்டது. சின்னவள் அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

போன மாதம் ஒரு நடிகர் தரையில் புரண்டு அழுகிற காட்சியில், காவலர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு பாய்ந்துபோய் எல்லாவற்றையும் கெடுத்தார். அதனால்தான் பெரியவள் காலையில் காவலர்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லியிருந்தாள்: இசை முடியும்வரை, நடைபாதையைச் சுற்றிப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. கத்தினாலும், விழுந்தாலும். "நானே அழுதுக்கிட்டு வந்தாலும் விடாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணாடிக் கூரை வழியே வெயில் கொட்டியது. பளிங்குத் தரையில் குதிகால் ஓசை, வாசனைத் திரவியங்களின் கலவை, தலையில்லாத சிலைகளின் நீண்ட நிழல்கள், அவற்றின் நடுவே கறுப்பாக, நிமிர்ந்து, பிறவி ராணி மாதிரி தங்கை. பெரியவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. முதல் சுற்று முடிந்தது.

இரண்டாவது திருப்பத்தில் சின்னவளின் உதடு நீலமாக இருந்தது.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இடுப்பு, கொக்கி மாட்டியபோது பார்த்ததைவிடப் பாதியாகியிருந்தது. பச்சைக் குச்சியை ஒடிப்பதுபோல ஒரு ஓசை முரசையும் தாண்டிக் கேட்டது. கூட்டம் "ஆ" என்று வியந்தது. செல்போன்கள் உயர்ந்தன.

பெரியவள் ஓடினாள். காவலர் இரண்டு கைகளாலும் மறித்தார்.

"விடுங்க! அவ சாகுறா!"

"பிரமாதமா நடிக்கிறீங்க மேடம்," என்றார் அவர் காதருகில். "நீங்க சொன்னபடிதான் செய்யறேன்."

இன்னொரு ஓசை. இன்னொன்று. சின்னவளின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. வெல்வெட் அதைக் குடித்தது.

பெரியவள் காவலரின் கையைக் கடித்தாள். எலும்புவரை. அவர் அலறினார். அவள் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து கொக்கிகளைப் பிடித்தாள். பிய்த்தாள். ஒன்று கழன்றது, மறுகணம் அவள் நகத்தைத் துளைத்துக்கொண்டு மூடியது. இழுத்தாள். நகம் போனது. அடுத்த விரல். அதுவும். துணி சூடாக இருந்தது. உள்ளே ஏதோ மூச்சு வாங்கியது. தங்கையின் மூச்சு அல்ல.

"குட்டி! கண்ணு! என்னைப் பாரு!"

தங்கை பார்த்தாள். அந்தப் பார்வையில் வலியைவிடக் கேள்விதான் அதிகமாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. தலை பின்பக்கம் தொங்கியது.

கறுப்புக் கை ஒன்று வீசியது. பெரியவளின் தாடை உடைந்தது. தரையில் விழுந்தாள். வாய் நிறைய ரத்தம், பல்.

இசை நின்றது.

நடை நிற்கவில்லை.

கால்கள் பளிங்கில் இழுபட, கோடு பிசகாமல் அங்கி கடைசித் திருப்பத்தைத் திரும்பியது. முன்வரிசைக்கு நேராக நின்றது. இயக்குநர் எழுந்து கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

அங்கி குனிந்து வணங்கியது. இடுப்பில் மடியவேண்டிய உடம்பு நெஞ்சில் மடிந்தது.