குளியலறைச் சுயம்பு

கழுவிக் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிளாஸ் காலையில் தட்டை விட்டு வர மறுத்தது. பிரமிளா இழுத்தாள், திருகினாள், கடைசியில் கத்தி முனையால் நெம்பினாள். கிளாஸ் கையோடு வந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், பல்லில் படியும் காரையைப்போல. ஒரே ராத்திரியில் இவ்வளவு படியுமா என்று கணவரிடம் கேட்டாள்.

"கால்சியம்லா," என்றார் தனேஸ்வரன், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தவன் காசு குடுத்து மாத்திரையா வாங்கி முழுங்குறான். நமக்கு பைப்புலயே வருது."

அவர் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். தாமான் என்பது செமோர் சுண்ணாம்புக்கல் மலையின் காலடியில், ரப்பர்த் தோட்டம் மூடியபோது வெளியே வந்தவர்களுக்குக் கட்டிய இரண்டு வரிசை வீடுகள். அவற்றுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு முத்திரை, முத்திரையை வைத்துக்கொள்ள ஒரு தோல்பை. தண்ணீரின் பெருமையை அவர் எல்லாக் கூட்டத்திலும் பேசுவார். குடிப்பது மட்டும் கடையில் வாங்கிய புட்டித் தண்ணீர். பேசிப் பேசித் தொண்டை கெட்டுவிடக் கூடாதல்லவா.

குழாய்த் தண்ணீர் பிரமிளாவுக்கு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் வீட்டில் பாத்திரம், துணி, தரை. நாள் முழுக்க அவள் கை தண்ணீரில்தான் கிடந்தது. உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறையில் முழங்காலிட்டு, ஒழுகும் குழாய்க்குக் கீழே சுவரோடு சேர்ந்து வளரும் வெள்ளைக் கட்டியை உளியால் சுரண்டுவாள். விரல் தோல் உரிந்து கட்டியின்மேல் ரத்தம் படும். கொஞ்ச நேரத்தில் கறையே இருக்காது. வெற்றிலைச் சுண்ணாம்பின் காரநெடி மூக்கில் ஏறி அடுத்த நாள்வரை இறங்காது. அதைவிட அவளை உறுத்தியது சத்தம். மேலேயிருந்து சொட்டு விழுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விழுந்த சத்தம் கேட்பதில்லை. யாரோ வாயைத் திறந்து வாங்கிக்கொள்வதைப்போல ஓர் அமைதி, அதன் பிறகு மெல்ல, ஈரமாக, தொண்டை ஒன்று இறங்கி ஏறுகிற ஓசை.

கட்டியின்மேல் சமையல் வினிகரை, சூக்காவை, ஊற்றிப் பார்த்தாள். புளித்துப் புகைந்து நுரைத்தது. மறுநாள் கட்டி ஒரு விரற்கடை கூடியிருந்தது.

பக்கத்து வீட்டு விமலா வாளி இரவல் கேட்டு வந்த அன்று, வாளியை மறந்து குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, மூக்கு தெரியுதுலா. கண்ணு பாருங்க. இது அம்மன்."

அது பைப்பு அழுக்கு என்றாள் பிரமிளா. அதற்குள் விமலா செருப்பைக் கழற்றியிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் மாலை வந்தது, மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது. சுயம்பு என்றார் தனேஸ்வரன். சுயம்பு என்றால் தானாக உருவானது. தானாக உருவானதற்கும் ஒரு கமிட்டி தேவைப்பட்டது. கழிப்பறைக் குழியைப் பலகையால் மூடி மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் உண்டியலை வைத்தார்கள். வீட்டுக்காரர்கள் குளிக்கப் பின்னால் தகரக் கொட்டகை. சுரண்டுவதற்குத் தடை. சாமிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் வேலை மட்டும், கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தபடி, பிரமிளாவுக்கு.

அந்தச் சமயத்தில்தான் இடுப்பு வலி வந்தது. பிறகு அதுவும் நின்று, வலியில்லாத ஒரு தொய்வு வந்தது. கிளினிக்கில் இளம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பெல்லாம் ரொட்டியைப்போல ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்றாள். தனேஸ்வரனுக்குக் கோபம் வந்தது, தண்ணீரின் சார்பாக.

இரண்டு நாள் கழித்துப் பல் விளக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல், ஊறிய நிலக்கடலையைப்போல, பிரஷ்ஷோடு வந்தது. ரத்தம் இல்லை. அன்று மாலை கட்டியைத் துடைக்கப் போனவள் துணியைக் கீழே போட்டாள். கல் உதடுகள் கொஞ்சம் பிரிந்திருந்தன. உள்ளே ஒரே ஒரு பல், இடப்பக்கம் சாய்ந்தபடி. அந்தச் சாய்வைச் சிறுவயதிலிருந்து கண்ணாடியில் பார்த்து வெட்கப்பட்டவள் அவள்.

தண்ணீர் மலையிலிருந்து எதையோ கொண்டுவந்து இங்கே போடுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். யாரிடமிருந்து எடுத்து வந்து போடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

"ஏங்க, அந்த பைப்ப அடைச்சிடுங்க," என்றாள். "அது என்னைய உறிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டா நான் இருக்க மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டதுபோல்தான் இருந்தது.

"யோசிச்சுப் பேசு. வெள்ளிக்கிழமை நம்ம தொகுதி ஒய்.பி. வாரார். அபிஷேகத்துக்குத் தண்ணி இல்லேன்னா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குறது?"

வெள்ளிக்கிழமை மாலை ஒய்.பி. வரவில்லை, பிரதிநிதியை அனுப்பினார். பிரதிநிதிக்கு மாலை போடும் ஆரவாரத்தில் பிரமிளா சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாள். மீட்டருக்குப் பக்கத்தில்தான் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் திருகு. இதை மூடிவிட்டால் போதும். பிடித்தாள். பலத்தையெல்லாம் திரட்டித் திருகினாள்.

கை திரும்பியது. திருகு திரும்பவில்லை.

மணிக்கட்டு, பிழிந்த துணியைப்போல, முழுசாக ஒரு சுற்று. வலியே இல்லை.

மயக்கம் போல என்று நினைத்த விமலா அவளை அணைத்துத் தூக்கிவந்தாள். அக்கா இவ்வளவு கனமில்லாமலா இருக்காங்க என்று யாரிடமோ கேட்டாள். குளியலறை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தது சரிந்தது. தலையணை முட்டுக் கொடுத்தார்கள்.

குழாயை முழுசாகத் திறந்தார்கள்.

நாதஸ்வரம், ஒலிபெருக்கியில். சாம்பிராணி. சுண்ணாம்பு நெடி. தண்ணீர் கொட்டியது. கொட்டிய சத்தம் இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும்.

மூடச் சொல்ல வாயெடுத்தாள். தாடை வரவில்லை. தாடை இல்லை. தோள் இறங்கியது. மடியில் விழுந்த கை கையாக இல்லை.

குளியலறைக்குள்ளே கட்டியில் தோள் எழும்பியது. இடுப்பு. முழங்கால். சுவரிலிருந்து ஏதோ மெல்ல விட்டுப் பிரியும் ஓசை.

எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார்கள். தனேஸ்வரன் குளியலறைக்கு முதுகைக் காட்டி நின்று, பிரதிநிதியிடம் சங்கத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கற்பூரத் தட்டைத் திரும்பிப் பார்க்காமலேயே பின்பக்கம் நீட்டினார்.

"பிரமிளா, இதப் புடி. அப்படியே சாருக்கு ஒரு தேத்தண்ணி."

"வாரேங்க."

அவளுடைய குரல்தான். அலுத்துப்போன, தாழ்ந்த குரல். நாற்காலியில் குவிந்து கிடந்த சேலைக்குள்ளிருந்து, மூட முடியாத இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, குளியலறைக்குள்ளிருந்து ஈரமான வெள்ளைக் கை ஒன்று வெளியே வந்து தட்டைப் பக்குவமாக வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு பாதம் நிலைப்படியைத் தாண்டித் தரையில் பதிந்தது, கனமாக.